ரொக்கெட்டொக்கும் ஸ்டாக்ஸ் டொக்லெட்டும்: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டவையும் அனுமதிச் சிக்கல்களைத் தீர்த்த முறையும்

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்திக்கு அண்மையில், பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களை நம்பி நடக்கும் எங்கள் தட்டச்சு, போட்டோக்கொப்பிக் கடையின் கணினிகளில், திரையோரத்தில் படவுருக்களை வரிசையாக நிறுத்தும் டொக் என்ற பட்டையைத் தரும் ரொக்கெட்டொக் என்ற மென்பொருளையும் அதனுடன் இணையும் ஸ்டாக்ஸ் டொக்லெட் என்ற துணைநிரலையும் விண்டோஸ் 7 காலத்திலிருந்தே பயன்படுத்தி வருகிறேன். ரொக்கெட்டொக்கின் வளர்ச்சி எப்போதோ நின்றுவிட்டது. அதன் 1.3.5 என்ற பதிப்பு 2008 இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை. இருந்தும் இதை நான் கைவிடாததற்குக் காரணம் உண்டு. இதன் குறைகள் என்று பலர் சொல்லுகின்றவற்றில் பெரும்பகுதி மென்பொருளின் குறைகளே அல்ல. விண்டோஸ் கோப்புகளுக்கு விதிக்கும் அனுமதிகளைச் சரியாக அமைக்காததால் வருபவை. அவற்றை ஒருமுறை ஒழுங்காக அமைத்துவிட்டால் டொக் ஆண்டுக்கணக்கில் தொல்லை தராமல் வேலை செய்கிறது.

எங்களைப் போன்ற கடைகளில் டெஸ்க்டொப் எவ்வளவு விரைவாக நிரம்புகிறது என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆய்வேடுகள், அவற்றை யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள், ஸ்கேனர் மென்பொருள், கடவுச்சீட்டு அளவுப் பட வார்ப்புருக்கள், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலுமாக மூன்று மொழிகளில் வைத்திருக்க வேண்டிய விண்ணப்பப் படிவங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்குவழி திரையில் வந்து உட்கார்ந்துவிடும். வாடிக்கையாளர் ஒருவர் முன்னால் நிற்கையில் அந்தக் குவியலுக்குள் தேடிக்கொண்டிருப்பது வேலைக்கு உகந்ததல்ல.

ஸ்டாக்ஸ் டொக்லெட் இதற்குத் தரும் தீர்வு எளிமையானது. டொக்கில் ஒரு படவுரு இருக்கும். அதைக் கிளிக் செய்தால், நாம் சுட்டிக்காட்டிய கோப்புறைக்குள் இருப்பவை விசிறியாகவோ கட்டங்களாகவோ விரிந்து நிற்கும். துணைநிரலை ரொக்கெட்டொக்கின் டொக்லெட்ஸ் என்ற உட்கோப்புறையில் பிரதிசெய்துவிட்டு, டொக்கில் வலது கிளிக் செய்து சேர்க்கும் பட்டியலில் தெரிவுசெய்தால் போதும். விசிறி அமைப்பு அழகாக இருந்தாலும், உருப்படிகள் அதிகமாகும்போது அது திரையின் உயரத்தை விழுங்கிவிடுகிறது. படிவங்களுக்குக் கட்ட அமைப்பே ஏற்றது. நான் டி டிரைவில் தட்டச்சு, படம், படிவம் என்று மூன்று கோப்புறைகளை உருவாக்கி, குறுக்குவழிகள் எல்லாவற்றையும் அவற்றுக்குள் பிரித்து வைத்திருக்கிறேன். ஒழுங்கு முழுவதும் இந்தக் கோப்புறைகளில்தான் இருக்கிறது. டொக் அதைக் காட்டும் வாசல் மட்டுமே. ஆகவே நாளைக்கு வேறொரு டொக் வந்தாலும் பிரித்து வைத்த வேலை வீணாகாது.

அனுமதிச் சிக்கல், குறுக்குவழிகளை டெஸ்க்டொப்பிலிருந்து எடுக்கத் தொடங்கும்போதே வந்துவிடுகிறது. சில குறுக்குவழிகளைச் சாதாரணமாக நகர்த்த முடியும். சிலவற்றைத் தொட்டால் நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்று விண்டோஸ் கேட்கும். நாம் ஒரே டெஸ்க்டொப்பாகப் பார்ப்பது உண்மையில் இரண்டு கோப்புறைகளின் சேர்க்கை என்பதே இதற்குக் காரணம். ஒன்று நமது கணக்குக்கு உரியது. மற்றையது எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான பப்ளிக் டெஸ்க்டொப். எல்லாருக்குமாக நிறுவப்படும் மென்பொருள்கள் தமது குறுக்குவழியைப் பொதுக் கோப்புறையில் வைப்பதால், அதை நகர்த்தவோ அழிக்கவோ சாதாரணக் கணக்குக்கு உரிமை இல்லை. இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே டிரைவுக்குள் ஒரு கோப்பை வெட்டி ஒட்டினால் அது தன் பழைய அனுமதிகளையும் கூடவே கொண்டுபோகும். பிரதிசெய்து ஒட்டினால் புதிய கோப்புறையின் அனுமதிகளை ஏற்றுக்கொள்ளும். ஆகவே குறுக்குவழிகளை முதலில் பிரதிசெய்து, அவை வேலை செய்வதை உறுதிப்படுத்திய பின்னர், நிர்வாகிக் கணக்கிலிருந்து பழையவற்றை அழிப்பதே நல்லது.

அடுத்த சிக்கல்தான் பலரை இந்த மென்பொருளை வெறுக்க வைத்தது. டொக்கின் இடத்தையும் அளவையும் படவுருக்களின் வரிசையையும் மாற்றி வைத்தால், கணினியை மீளத் தொடங்கியதும் எல்லாம் பழையபடி இருக்கும். ரொக்கெட்டொக் விண்டோஸ் எக்ஸ்பி காலத்து வழக்கப்படி எழுதப்பட்டது. அக்காலத்தில் பெரும்பாலானோர் நிர்வாகிக் கணக்கிலேயே வேலை செய்ததால், ஒரு மென்பொருள் தன் அமைப்புகளைத் தான் நிறுவப்பட்ட கோப்புறையிலேயே எழுதிவைப்பதில் தடை எதுவும் இருக்கவில்லை. 2007 இல் விண்டோஸ் விஸ்டாவுடன் பயனர் கணக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, மென்பொருள்கள் வழக்கமாக நிறுவப்படும் புரோகிராம் பைல்ஸ் கோப்புறைக்குள் சாதாரண உரிமையுடன் ஓடும் மென்பொருள் எதையும் எழுத முடியாது. பழைய மென்பொருள்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக, அவை அங்கே எழுத முயல்வதை விண்டோஸ் பல வேளைகளில் பயனரின் சொந்தக் கோப்புறையில் உள்ள வேர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவிடத்துக்குத் திருப்பிவிடுகிறது. இதனால் ஒரே அமைப்புக் கோப்புக்கு இரண்டு பிரதிகள் உருவாகிவிடலாம். சாதாரணமாகத் திறந்தால் ஒரு வரிசையும், நிர்வாகியாகத் திறந்தால் வேறொரு வரிசையும் தோன்றுவதன் காரணம் அதுதான்.

இதற்கு எல்லாரும் சொல்லும் மருந்து, டொக்கை எப்போதும் நிர்வாகியாக இயங்கச் செய்வது. எங்கள் கடைக் கணினிகளைப் பழுதுபார்க்க வந்தவரும் அப்படித்தான் ஒன்றை அமைத்துவிட்டுச் சென்றார். அமைப்புகள் சேமிக்கப்பட்டன என்பது உண்மையே. ஆனால் அதன்பின் வந்த தொல்லைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவற்றுக்கும் டொக்குக்கும் தொடர்பிருப்பது எளிதில் புலப்படாது.

டெஸ்க்டொப்பிலிருந்து ஒரு கோப்பை இழுத்து டொக்கில் விட்டால் அது ஏற்கவில்லை. குறைந்த உரிமையில் ஓடும் ஒன்று, உயர்ந்த உரிமையில் ஓடும் சாளரத்துக்குச் செய்தி அனுப்புவதை விண்டோஸ் தடுப்பதால் வருவது இது. அடுத்து, காலையில் கணினியைத் திறந்தபோது டொக் தானாகத் தோன்றவில்லை. நிர்வாகி உரிமை கேட்கும் மென்பொருளைத் தொடக்கப் பட்டியலிலிருந்து விண்டோஸ் ஓசையின்றித் தவிர்த்துவிடும். இவற்றை விடப் பெரிய தொல்லை தமிழ்த் தட்டச்சில் வந்தது. டொக்கிலிருந்து திறக்கப்படும் ஒவ்வொரு மென்பொருளும் டொக்கின் உரிமையையே பெறும் என்பதால் வேர்ட்டும் நிர்வாகியாகத் திறந்தது. யுனிகோட்டில் தமிழ் அடிக்க உதவும் விசைப்பலகை மென்பொருள்களான என்எச்எம் ரைட்டரோ எ-கலப்பையோ சாதாரண உரிமையில் ஓடுபவை. உயர்ந்த உரிமையில் உள்ள சாளரத்துக்குச் செல்லும் விசையழுத்தங்களை அவற்றால் பிடிக்க முடியாது. "அக்கா, வேர்ட்டிலை தமிழ் அடிக்க ஏலாமல் கிடக்கு, இங்கிலிஷ் எழுத்துத்தான் வருது" என்று எங்கள் கடைப் பிள்ளை வந்து சொன்னபோது எல்லாரும் விசைப்பலகை மென்பொருளையே சந்தேகித்தோம். பாமினியில் அடிப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, ஏனென்றால் பாமினி எழுத்துருவில் தோற்றம் மட்டுமே தமிழ். அழுத்தப்படுவது சாதாரண ஆங்கில விசை. யுனிகோட்டில் அடிப்பவர்களுக்கு மட்டும் தமிழ் வராமல் போனதுதான் இறுதியில் காரணத்தைக் காட்டித் தந்தது. தமிழில் வேலை செய்பவர்கள் இந்த ஒரு விடயத்துக்காகவே டொக்கை நிர்வாகியாக இயக்கக் கூடாது என்பேன்.

வலையமைப்பில் மற்றைய கணினியின் பகிரப்பட்ட கோப்புறைக்கு நாங்கள் கொடுத்திருந்த டிரைவ் எழுத்தும் அந்த வேர்ட்டின் சேமிப்புச் சாளரத்தில் தென்படவில்லை. சாதாரண உரிமையில் இணைக்கப்பட்ட டிரைவ்கள் உயர்ந்த உரிமையில் ஓடும் மென்பொருளுக்குத் தெரியாது. பாதுகாப்பு நோக்கில் பார்த்தால் நிலை இன்னும் மோசம். மாணவர்கள் கொண்டுவரும் பென்டிரைவ்களில் என்னென்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவற்றில் உள்ள கோப்புகளை நிர்வாகி உரிமை பெற்ற மென்பொருளில் திறப்பது, கடைக்குள் வருபவர் எல்லாரிடமும் பெட்டகச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பானது.

சரியான தீர்வு, மென்பொருளின் உரிமையை உயர்த்தாமல் அது எழுதும் இடத்தை மாற்றுவதே. ரொக்கெட்டொக்கை நீக்கிவிட்டு, நிறுவும்போது இடத்தைத் தெரிவுசெய்யும் கட்டத்தில் புரோகிராம் பைல்ஸுக்கு வெளியே, டி டிரைவில் ஒரு தனிக் கோப்புறையைக் கொடுத்தேன். அங்கே சாதாரணக் கணக்கும் எழுதலாம். வேர்ச்சுவல்ஸ்டோர் திருப்பிவிடுதலும் அங்கே கிடையாது. பின்னர் அமைப்புச் சாளரத்தில், அமைப்புகளை ஐஎன்ஐ என்ற சிறிய உரைக் கோப்பில் சேமிக்கும் தெரிவை இட்டேன். அந்தக் கோப்பும் டொக்லெட்டுகளும் மென்பொருளும் ஒரே கோப்புறையில் இருப்பதால், எல்லாவற்றையும் ஒன்றாகவே பிரதி எடுத்து வைக்கலாம். ஏற்கெனவே நிறுவிய இடத்திலிருந்து மாற்ற முடியாதவர்கள், ரொக்கெட்டொக் கோப்புறையின் புரொப்பட்டீஸில் செக்கியூரிட்டி என்ற பகுதிக்குச் சென்று, அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் யூசர்ஸ் என்ற சாதாரணப் பயனர் குழுவுக்கு மொடிபை, அதாவது மாற்றி எழுதும் அனுமதி வழங்கலாம். புரோகிராம் பைல்ஸ் முழுவதற்கும் அதைக் கொடுக்கவே கூடாது. எவரும் எழுதக்கூடிய கோப்புறையில் உள்ள மென்பொருளை நிர்வாகியாக இயக்கவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால், அந்த மென்பொருளின் இடத்தில் வேறொன்றை வைத்து முழுக் கணினியையும் கைப்பற்ற இடமுண்டு. உண்மையிலேயே நிர்வாகி உரிமை தேவைப்படும் மென்பொருள் ஏதும் இருந்தால், அதன் குறுக்குவழிக்கு மட்டும் நிர்வாகியாக இயக்கும் அடையாளத்தை இட்டுவைத்தால் போதும்.

அனுமதியை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். வேலை நெருக்கடியில் யாரோ ஒருவர் ஒரு படவுருவை டொக்கிலிருந்து வெளியே இழுத்துவிட்டால் அது மறைந்துவிடும். படவுருக்களைப் பூட்டும் தெரிவு இருந்தாலும் அதை எவரும் நீக்கலாம். ஆகவே வரிசையை அமைத்து முடித்த பின், ஐஎன்ஐ கோப்புக்குக் கடைக் கணக்கு வாசிக்க மட்டுமே முடியும் என்று அனுமதியைக் குறைத்துவிட்டேன். பகலில் என்ன மாறினாலும், மறுமுறை டொக் திறக்கும்போது பழைய ஒழுங்கு திரும்பிவிடுகிறது.

64 பிட் விண்டோஸில் இன்னொரு குழப்பம் உண்டு. இது அனுமதிச் சிக்கல் போலத் தோன்றினாலும் அதுவல்ல. ரொக்கெட்டொக் 32 பிட் மென்பொருள் என்பதால், 64 பிட் மென்பொருளின் குறுக்குவழியை நேரடியாக டொக்கில் விடும்போது, பாதையை 32 பிட் மென்பொருள்களுக்குரிய புரோகிராம் பைல்ஸ் என்று தவறாக எழுதிக்கொள்வதுண்டு. கிளிக் செய்தால் எதுவும் நடக்காது. படவுருவின் அமைப்பில் பாதையைக் கையால் திருத்த வேண்டும். சாளரங்களைச் சுருக்கி டொக்கில் வைக்கும் வசதியும் 64 பிட் மென்பொருள்களுடன் ஒழுங்காக ஒத்துப்போவதில்லை, அதை நிறுத்திவைத்திருக்கிறேன்.

கணினியை மாற்றிப் பழைய ஹார்ட் டிஸ்க்கைப் புதியதில் பூட்டிய வேளையில், படிவம் என்ற கோப்புறையைச் சுட்டிய டொக்லெட் வெறுமையாக விரிந்தது. கோப்புகள் அழியவில்லை. அந்தக் கோப்புறைக்குப் பழைய விண்டோஸின் கணக்கு மட்டுமே உரிமையாளராக இருந்தது. புதிய விண்டோஸுக்கு அந்தக் கணக்கைத் தெரியாது என்பதால், செக்கியூரிட்டி பகுதியில் பெயருக்குப் பதிலாக எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் நின்றது. நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, அட்வான்ஸ்ட் சாளரத்தில் உரிமையாளரை மாற்றி, உட்கோப்புறைகளுக்கும் அதைப் பொருத்தும் தெரிவை இட்ட பிறகு, யூசர்ஸ் குழுவுக்கு வாசிக்கும் அனுமதியைக் கொடுத்ததும் படிவங்கள் எல்லாம் தோன்றின. இதை உரிய கோப்புறைக்கு மட்டுமே செய்ய வேண்டும். சி டிரைவ் முழுவதற்கும் உரிமையாளரை மாற்றினால் விண்டோஸின் சொந்தக் கோப்புகளின் பாதுகாப்பே குலைந்துவிடும்.

விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்த நிலையில், பலர் விண்டோஸ் 11 இற்கு மாறி வருகிறார்கள். அதன் டாஸ்க்பாரில், கோப்புறை ஒன்றைப் பட்டையாகச் சேர்க்கும் பழைய வசதி இல்லை என்பதால், இப்படியான டொக் ஒன்றின் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வந்த வின்ஸ்டெப் நெக்ஸஸ் என்ற வேறொரு டொக் மென்பொருளைப் பரிந்துரைப்பேன். அதன் இலவசப் பதிப்பில் ஒரு டொக்கை மட்டுமே வைத்திருக்கலாம், ஒரு மேசைக்கு அது போதும். ஏற்கெனவே ரொக்கெட்டொக் வைத்திருப்பவர்கள் மாறத் தேவையில்லை. முதலில் அதன் படவுருவில் வலது கிளிக் செய்து, நிர்வாகியாக இயக்கும் அடையாளம் இடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை எடுத்துவிட்டு, கோப்புறையின் அனுமதியைத் திருத்துங்கள்.