அம்மா வீட்டுப் பூனையின் குறட்டையும் மண்ணுத்திப் பயணமும்

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்கு லீவில் போகிறேன் என்றாலே வங்கிக் கேஒய்சி, ஆதார், பல் டாக்டர் என்று ஒரு பட்டியல் கூடவே வரும். இந்தத் தடவை அதில் பூனையும் சேர்ந்துகொண்டது. டொராண்டோவிலிருந்து பேசும்போதெல்லாம் ஃபோனில் குறட்டை கேட்கும். அப்பா தூங்குகிறாரா என்றால், "இல்ல கண்ணு, குட்டப்பன்" என்பார் அம்மா. ஒரு வயது கூட நிரம்பாத நாட்டுப் பூனை அது. நேரில் பார்த்தால் சிரிக்கிற மாதிரி இல்லை. விழித்திருக்கும்போதும் அதே கொரகொர சத்தம். மத்தித் தலையை ஆசையாகக் கவ்வும், மூச்சு முட்டுவதால் கீழே போட்டுவிடும், மறுபடி கவ்வும்.

பக்கத்தில் இருக்கிற தனியார் கிளினிக்கில் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் சளி என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள், வாயைத் திறந்து பார்த்ததே இல்லை. சரி, சளி என்று நினைத்ததில் தப்பில்லை. பூனைகளுக்கு மூக்கடைப்பு என்றால் பெரும்பாலும் ஹெர்பிஸ் அல்லது கலிசி வைரஸ்தான், கூடவே பாக்டீரியா சேர்ந்தால் ஆன்டிபயாட்டிக் உதவும். ஆனால் அந்தச் சளி தும்மலோடு, கண் பீளையோடு, இரண்டு மூக்கிலும் ஒழுகலோடு வரும். குட்டப்பனுக்குத் தும்மல் கிடையாது, கண் கண்ணாடி மாதிரி இருந்தது, சத்தம் மட்டும் மாதக் கணக்கில் குறையாமல் நின்றது. அப்படி நின்றால் அடுத்த ஊசி போடுவதை விட உள்ளே பார்ப்பதுதான் முறை.

அதனால் திருச்சூர் பக்கம் இருக்கிற மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்கே போய்விடலாம் என்று டாக்ஸி பிடித்தோம். வடக்கஞ்சேரி வந்து ஹைவேயில் ஏறினால் குதிரான் சுரங்கம், 2021இல் திறந்த பிறகு அந்த மலையேற்ற நெரிசல் இல்லை, முன்பு பட்ட பாடு தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். வழி முழுக்க ஏசி போட்டுக் கூடையின் மேல் துணி மூடி வைத்தோம். மேல் மூச்சுப்பாதை அடைத்த பூனைக்குச் சூடும் பயமும் இரண்டுமே ஆபத்து. பயந்தால் வேகமாக இழுக்கும், இழுக்க இழுக்க உள்ளே வீங்கும். பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் ஆட்டோவில் கொண்டுபோவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால் காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அது அவசரம்.

ஓ.பி.யில் டோக்கன், வரிசை, சுற்றிலும் மாணவர்கள். பரிசோதித்த டாக்டர் பூனையைத் தொடாமல் முதலில் சற்று நேரம் நின்று கேட்டார். "சுவாசம் எடுக்கும்போ ஒச்ச உண்டோ, விடும்போ உண்டோ?" என்று மாணவர்களைக் கேட்டார், ஒச்ச என்றால் மலையாளத்தில் சத்தம். கனத்த குறட்டைச் சத்தம் என்றால் மூக்கு அல்லது மூக்குக்குப் பின்புறம், மெல்லிய சீழ்க்கைச் சத்தம் என்றால் குரல்வளை, காது கொடுத்தாலே பாதி இடம் தெரிந்துவிடும் என்று விளக்கினார். அப்புறம் ஒரு கண்ணாடிச் சில்லை மூக்கின் முன்னால் பிடித்தார். இரண்டு பக்கமும் ஆவி படிந்தது, ஒரு பக்கம் கொஞ்சம் மங்கல். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், செவிப்பறை சரியாக இருந்தது. எக்ஸ்ரே எடுத்ததில் அண்ணத்துக்கு மேலே இருக்க வேண்டிய கறுப்பு இடைவெளியில் ஒரு நிழல். பாலிப் ஆக இருக்கலாம், மயக்கம் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

இளம் பூனைகளில் நடுக்காதிலிருந்தோ அதைத் தொண்டையோடு இணைக்கும் குழாயிலிருந்தோ காம்போடு வளர்கிற சதைக்கட்டி அது, புற்று இல்லை. மயக்கத்தில் குழாய் செருகியதும், கருத்தடை ஆபரேஷனுக்கு வைத்திருக்கும் கொக்கியை எடுத்து மென்னண்ணத்தை, அதாவது அண்ணத்தின் பின்பக்க மெத்தென்ற பகுதியை, முன்பக்கம் இழுத்தார். பின்னால் இளஞ்சிவப்பாக, நாவல்பழக் கொட்டை அளவில் வழவழவென்று இருந்ததை நானும் பார்த்தேன். இடுக்கியால் பிடித்து அவசரப்படாமல் ஒரே சீராக இழுத்தார், காம்போடு வந்தது. காம்பு முழுசாக வராவிட்டால் மறுபடி வளரும் என்பதால் அந்த நிதானம். எழுந்த பிறகு ஒரு பக்கக் கண்மணி சுருங்கி, பூனைக்குக் கண்ணின் உள் ஓரத்தில் இருக்கும் மூன்றாவது இமை எட்டிப் பார்த்தது. அம்மா பதறிப்போனார். காது வழியாகப் போகிற நரம்பு இழுபட்டால் அப்படி ஆகும், பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள், அப்படியே சரியானது. திரும்ப வரும் வாய்ப்பைக் குறைக்கப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டியது.

செலவு? இதே அறிகுறிக்கு டொராண்டோவில் ஸ்பெஷலிஸ்ட், சிடி ஸ்கேன், மூக்குக்குள் கேமரா என்று ஆயிரக்கணக்கான டாலரில் போயிருக்கும். இங்கே அதில் ஒரு சின்னப் பங்கு. ஆனால் சிடிக்கு உள்ள பலனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எக்ஸ்ரேயில் நடுக்காது சுத்தமாகத் தெரிந்தாலும் உள்ளே நோய் இருக்கலாம், இருந்தால் பாலிப் திரும்பும், அப்போது காதெலும்பைத் திறக்கும் ஆபரேஷன் வேண்டியிருக்கும். ஆகவே தலை சாய்த்தாலோ காதைச் சொறிந்தாலோ உடனே காட்டச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இருக்கிற குறை பழைய கிளினிக்கோடு. எந்த ஊசி, எவ்வளவு என்று ஒரு சீட்டும் தரவில்லை, அதனால் மண்ணுத்தியில் கேட்டபோது சொல்ல ஒன்றும் இல்லை. எங்கே போனாலும் மருந்துப் பெயரை எழுதி வாங்குங்கள், வேண்டாம் என்று சொன்னாலும் விடாதீர்கள். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தால் பின்னாலேயே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகிவிடும். சளிக்கு என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, பூனைக்கு அது விஷம். விக்ஸ் தடவுவதும் வேண்டாம், அதில் கற்பூரம் இருக்கிறது.

மண்ணுத்திக்குப் போகிறவர்கள் காலையிலேயே டோக்கன் எடுத்துவிடுங்கள், மயக்கம் கொடுக்க வாய்ப்பு உண்டா என்று முன்னாடியே ஃபோனில் கேட்டுக்கொண்டு, கொடுப்பார்கள் என்றால் எத்தனை மணியிலிருந்து சாப்பாடு நிறுத்தணும் என்பதையும் கேட்டுவிடுங்கள். பூனைக் கூடை பொள்ளாச்சியிலேயே கிடைக்கும், கதவு இறுக்கமாக மூடுகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.