நந்தி மலையா, நாசிக்கா? கொங்கு நாட்டிலிருந்து ஒயின் தோட்டம் காணச் செல்வோருக்கு

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கமிருந்து ஒயின் திராட்சைத் தோட்டங்களைக் காணப் புறப்படுவோர் பெரும்பாலும் பெங்களூரு அருகே நந்தி மலை அடிவாரத்தையோ மகாராஷ்டிரத்தின் நாசிக்கையோதான் தேர்கிறார்கள். தொலைவைப் பார்த்தால் நந்தி மலைக்கே முதலிடம். காலையில் கோவையில் வந்தே பாரத் ஏறினால் அன்றே பெங்களூரு சேர்ந்து, மறுநாள் தொட்டபள்ளாப்பூர் அருகே 1988-இல் தொடங்கப்பட்ட குரோவர் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். நாசிக்குக்குப் பெரும்பாலும் மும்பை அல்லது புனே வழியாகப் போகவேண்டியிருப்பதால் பயணத்துக்கே இரண்டு நாள் கழிந்துவிடும்.

ஆனாலும் நான் நாசிக்கையே பரிந்துரைக்கிறேன். அதுவும் ஆறேழு பேர் கொண்ட சிறு குழுவாக. நந்தி மலைப் பக்கம் ஒயின் ஆலைகள் சிலவே. நாசிக்கிலோ 1999-இல் தொடங்கிய சுலாவைப் போன்ற பெரிய நிறுவனத்தோடு, கங்காபூர் அணைக்கரையிலும் இகத்புரிப் பக்கத்திலும் சிறு ஆலைகள் பலவும் இருக்கின்றன. பெரிய தோட்டங்களில் வார இறுதிக் கூட்டத்தோடு ஒயின் நொதிக்கும் தொட்டி அறையைச் சுற்றிவந்து, வழிகாட்டி ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டே நாலைந்து கோப்பைகளைச் சுவைப்பதோடு எல்லாம் முடிந்துவிடும். சிறு ஆலைகளில், முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால், ஒயின் தயாரிப்பவரே நம்மோடு நடந்துவந்து நம் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு அதிகம்.

நம்மவர்களிடம் அத்தகைய கேள்விகள் நிறைய உண்டு. தொண்டாமுத்தூர், மாதம்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சையைப் பந்தலில் படரவிட்டுப் பார்த்துப் பழகிய விவசாயிக்கு, அங்கே கொடியைக் கம்பி வேலிபோல் நிறுத்தி, கொத்துகளின்மேல் அளவாக வெயில் படும்படி இலையைக் கழித்து, விளைச்சலை வேண்டுமென்றே குறைத்துக்கொள்வது வியப்பாகவே இருக்கும். எடை குறைந்தாலும் சுவையும் மணமும் செறிவாக அமையவேண்டும் என்பதே அதன் நோக்கம். அறுவடை நாளைக் குறிக்கும் முறையும் பார்க்கத்தக்கது. பழத்தை நசுக்கி ஒரு சொட்டுச் சாற்றைக் கையடக்கக் கருவியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சர்க்கரை அளவைப் படிப்பார்கள். பிறகு விதையைக் கடித்து, அது பச்சை மாறிப் பழுப்பேறியிருக்கிறதா, துவர்ப்பு தணிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இதையெல்லாம் காண, ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே போகவேண்டும். குளிர்நாட்டுக் கொடிகளைப்போல் நாசிக் பக்கத்துக் கொடிகள் பனிக்காலத்தில் முழுதாக உறங்குவதில்லை என்பதால், ஏப்ரல் வாக்கில் ஒருமுறையும் மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் ஒருமுறையும் கவாத்து செய்கிறார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். காய்ப்பு இரண்டாவது கவாத்துக்குப் பிறகே. மழைக்காலத்தில் போனால் மலை பசேலென்று இருக்கும். கொடியில் பழம் இருக்காது.

இரண்டு நாள் மட்டுமே கைவசம் உள்ளவர்கள் நந்தி மலைக்கே போகட்டும், ஆனால் வார நாளில். நாசிக் சுற்றுலாக் குழுவில் சேர்பவர்கள் முன்பணம் கட்டுமுன், ஒரு நாளில் எத்தனை ஆலைகள், எந்த ஆலையில் தயாரிப்பாளரே வருவார் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; ஒரே நாளில் நான்கு ஆலைகள் என்றால் எதிலும் நின்று பேச நேரமிராது. பிடித்த ஒயினை அங்கேயே இரவு உணவோடு அருந்திவிடுவது நல்லது. பிற மாநில மதுவை உரிய அனுமதியின்றித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.