பில்லில் இருந்த டெம்பரிங் பஞ்சில் இல்லை

மதுரைப் பக்கம் பிரஸ் பட்டறை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் எனக்கு நடந்தது. கடைப் பெயரைப் போடவில்லை. இதே வேலையை வேறு யாரும் செய்யலாம், அதனால் வேலையைப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும்.

கே.புதூரில் பவர் பிரஸ் வைத்து டிரெய்லருக்கு வாஷரும் பட்டைகளும் அடித்துக் கொடுக்கிறேன். புது ஆர்டர் ஒன்றுக்கு டி2 என்கிற டூல் ஸ்டீலில் பஞ்சும் (மேலிருந்து அடிக்கும் அச்சு) டையும் (கீழே இருக்கும் அச்சு) செய்தோம். ஹார்டனிங்குக்கு, அதாவது சூடேற்றி ஆற்றிக் கடினமாக்க, எப்போதும் கோயம்புத்தூர் அனுப்புவேன், வந்து சேர நாலு நாள் ஆகும். இந்தத் தடவை அவசரம். இங்கேயே ஒருவர், "காலைல குடுங்கண்ணே, சாயங்காலம் எடுத்துக்கலாம்" என்றார். பதினொரு மணிக்குக் கொடுத்தேன், நாலரைக்குக் கையில் வந்துவிட்டது. பில் 1,350 ரூபாய். ஹார்டனிங், இரண்டு முறை டெம்பரிங் (அதன் பிறகு மிதமாகச் சூடேற்றி இறுக்கத்தைத் தளர்த்துவது), 60 ஹெச்ஆர்சி (கடினத்தின் அளவு) என்று சீட்டும் இருந்தது. ஓரத்தில் அரம் போட்டு இழுத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது, கடினம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அதோடு திருப்தியாகி வந்துவிட்டேன்.

கிரைண்டிங் முடித்து மூன்றாம் நாள் மாட்டினோம். இருநூறு அடிகூடத் தாண்டியிருக்காது. பட்டாசு வெடித்தது மாதிரி ஒரு சத்தம். பஞ்சின் மூலை தெறித்து, ஓட்டிக்கொண்டிருந்த தம்பியின் கன்னத்தைக் கிழித்துவிட்டது. மூன்று தையல். கண்ணுக்கு ஒரு விரல் கீழே. அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

அன்று ராத்திரி உடைந்த துண்டை லைட்டுக்கு அடியில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் கருகிய எண்ணெய்க் கறுப்பு, துணியால் தேய்த்தும் போகவில்லை. மிச்சமெல்லாம் புதிதாக உடைந்த மினுமினுப்பு, சீனி மாதிரி பரல் பரலாக. சரியாகப் பதம் ஏறிய டி2 உடைந்தால் நைஸாக, சாம்பல் நிறத்தில் இருக்கும். பரல் பெரிதாகத் தெரிந்தால் சூடு அளவுக்கு மீறிவிட்டது என்று அர்த்தம். கறுப்பு இருந்த இடம், எண்ணெயில் முக்கிய அன்றைக்கே விரிசல் விட்ட இடம்.

மறுநாள் தெரிந்தவர் டூல் ரூமில் கடினம் அளக்கும் ராக்வெல் மெஷினில் வைத்தோம். மூன்று இடத்தில் 64, 63, 64. சீட்டில் 60!

எண் கூட இருந்தால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள், அங்கேதான் ஏமாறுகிறோம். டி2வில் கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு இருக்கும். படிப்படியாகச் சூடேற்றி 1,020 டிகிரி பக்கம் நிறுத்தி, எண்ணெயிலோ காற்றிலோ ஆற்றுவார்கள். அப்போது வருவது கண்ணாடி மாதிரிக் கடினம், உள்ளுக்குள் அத்தனை இறுக்கம். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் 200 டிகிரி பக்கம் இரண்டு மணி நேரமாவது வைத்து, ஆறவிட்டு, திரும்ப ஒருமுறை வைத்தால்தான் அந்த இறுக்கம் தளரும், அடி தாங்கும். இதெல்லாம் ஐந்தரை மணி நேரத்தில் எப்படி முடியும்? டெம்பரிங் மட்டுமே நாலு மணி நேரம். வாங்கும்போதே நான் கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி இருக்கிற சீமை இது. பட்டறை ஆசாரி தண்ணீர் காட்டிய கையோடு அரிவாளைக் கொடுத்துவிட மாட்டார். வாயைத் தேய்த்து, மஞ்சள் நிறம் ஓடி வருகிறதா என்று பார்த்துத்தான் மறுபடி ஆற்றுவார். அவரிடம் மீட்டர் கிடையாது.

துண்டோடு போய்க் கேட்டேன். முதலில் "உங்க மெட்டீரியல் சரியில்லண்ணே" என்றார். அப்புறம் மூலை ரேடியஸ் இல்லாமல் கூராக இருந்தது என்றார். ஒரு மூலை கூராக இருந்தது உண்மை, அது என் தப்பு. ஆனால் அதனால் 60, 64 ஆகாது. பர்னஸ் சார்ட்டை, அதாவது உலையில் எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் இருந்தது என்ற பதிவைக் காட்டுங்கள் என்றதும் பேச்சு நின்றுவிட்டது. 1,350 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்டீல், மெஷினிங், கிரைண்டிங் என்று எனக்குப் போனது 38,000. தம்பியின் வைத்தியச் செலவு தனி.

இப்போது சார்ட் தராத இடத்தில் கொடுப்பதில்லை. அதே ஸ்டீலில் சின்னத் துண்டு ஒன்றைக் கூடவே போட்டு அனுப்புகிறேன், வந்ததும் அதை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் டையை மாட்டுகிறேன்.

காலையில் கொடுத்து அன்றே வாங்கிய டி2 பஞ்ச் உங்களிடம் இருந்தால் பிரஸ்ஸில் ஏற்றாதீர்கள். முதலில் எண் பாருங்கள். 62க்கு மேலே காட்டினால், விரிசல் இருக்கிறதா என்று டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் இறங்கி அதைக் காட்டிக்கொடுக்கும் சாயம்) அடித்துப் பாருங்கள். விரிசல் இல்லையென்றால் இப்போதுகூட நல்ல இடத்தில் கொடுத்து டெம்பரிங் செய்து காப்பாற்றிவிடலாம். விரிசல் இருந்தால் பழைய இரும்புக்குப் போடுங்கள்.