பழைய படக்குழாய் டிவியும் செட்டாப் பாக்ஸும்: எட்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் 21 அங்குலப் படக்குழாய் டிவி ஒன்று இன்னும் நன்றாக ஓடுகிறது. அதன் பொத்தான்கள் அம்மாவின் கைக்குப் பழகியவை என்பதால் மாற்ற மனம் வரவில்லை. மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பை அதில் பார்ப்பதற்காக 2016-இல் ஒரு செட்டாப் பாக்ஸ் வாங்கினேன். அடுத்த எட்டு ஆண்டுகளில் படம் நின்றுபோன பல முறைகளில், கோளாறு உண்மையில் பாக்ஸில் இருந்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் அதன் மின் இணைப்பில்.

ஆகவே படம் வரவில்லை என்றால், எதையும் கழற்றுவதற்கு முன் பாக்ஸின் ரிமோட்டில் மெனுவை அழுத்திப் பார்க்கிறேன். மெனு தெளிவாகத் தெரிந்தால் டிவியும், பாக்ஸிலிருந்து படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுவரும் ஏவி கேபிளும் சரியாக உள்ளன, தேட வேண்டிய இடம் டிஷ் இருக்கும் மொட்டைமாடி. மெனுவே தெரியாவிட்டால் மாடிப்படி ஏறத் தேவையில்லை. இந்த ஒரு சோதனையை முதல் ஆண்டிலேயே அறிந்திருந்தால் வீணாக அழைத்த மெக்கானிக்குக் கொடுத்த பணம் மிஞ்சியிருக்கும்.

டிவி பக்கத்தில் நான் சந்தித்தவை இரண்டு. ஒரு முறை ஏவி கேபிளை மாற்றியபோது படம் மறைந்து ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் கேட்டது. பாக்ஸில் செருகும் 3.5 மி.மீ. முனையில் படமும் ஒலியும் எந்த வளையத்தில் வரும் என்பது கேபிளுக்குக் கேபிள் மாறுவதால், மஞ்சள் முனைக்குப் பதில் சிவப்பு முனையை டிவியின் மஞ்சள் துளையில் செருகியதும் படம் வந்துவிட்டது. இன்னொரு முறை படம் கறுப்பு வெள்ளையானது. யாரோ பாக்ஸின் அமைப்புகளில் பால் (PAL) என்ற வண்ண முறையை என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறைக்கு மாற்றியிருந்தார்கள். நம் நாட்டுப் பழைய டிவிகளில் பல பால் முறையின் வண்ணத்தை மட்டுமே பிரித்தறியும்.

மாடியில் உள்ள சிக்கல்கள் அதிகப் பொறுமையைக் கேட்பவை. டிடி ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பைத் தரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்கில் இருப்பதால், எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே, ஏறத்தாழ 69 பாகை உயரத்தில் நிற்கிறது. சிக்னல் திரையில் வலிமை, தரம் என இரு கோடுகள் வரும். டிஷ் வேறெங்கோ திரும்பியிருந்தாலும் வலிமை நிறையவே காட்டும் என்பதால் தரத்தை மட்டுமே நம்ப வேண்டும். ஒரு மார்ச் மாதம் முற்பகல் 11 மணியளவில் தரம் திடீரென்று விழுந்தது. உடனே டிஷ்ஷின் போல்ட்டைத் தளர்த்தித் திருப்பினேன். பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டிச் சில நாட்கள் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னே வரும்போது சில நிமிடங்கள் சிக்னல் மங்குவது இயல்பு. காத்திருந்தால் தானே திரும்பியிருக்கும். திருப்பிய டிஷ்ஷை மீண்டும் சரியாக நிறுத்த ஒரு நாள் முழுவதும் ஆனது.

மழைக்காலத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, மழை விட்ட பிறகும் சரியாகாவிட்டால், எல்.என்.பி.யில் (டிஷ்ஷின் முன்னே சிக்னலை வாங்கும் சிறு கருவி) கேபிள் சேரும் இடத்தில் நீர் புகுந்திருக்கக்கூடும். எங்கள் வீட்டில் நடுச்செம்புக் கம்பி பச்சை பிடித்திருந்தது. அரை அடியை வெட்டிவிட்டுப் புதிய கனெக்டர் பொருத்தினேன். இதைத் தொடும் முன் பாக்ஸின் மின்சாரத்தை நிறுத்துவது கட்டாயம். அந்தக் கேபிள் வழியாகவே 13 அல்லது 18 வோல்ட் எல்.என்.பி.க்குப் போகிறது, நடுக்கம்பியும் அதைச் சுற்றியுள்ள உலோக வலையும் உரசினால் பாக்ஸ் பழுதாகலாம்.

பாக்ஸின் அந்த ஒரே கோளாறு ஐந்தாம் ஆண்டில் வந்தது. நிறுவனச் சின்னம் தோன்றும், அணையும், மீண்டும் தோன்றும். 12 வோல்ட் அடாப்டரைத் தனியே அளந்தபோது மீட்டர் சரியாக 12 காட்டியதால் பாக்ஸின் மீதே பழியைப் போட்டேன். பாக்ஸ் ஓடும்போது அளந்தால் 9-க்குக் கீழே இறங்கியது. அதே வோல்ட், அதே முனை அமைப்பு, குறையாத ஆம்பியர் உள்ள புதிய அடாப்டர் போட்டதும் சரியாயிற்று, இன்றுவரை அதுவே ஓடுகிறது. டிவியின் பின்மூடியை மட்டும் நான் திறப்பதில்லை. அணைத்த பின்னும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இப்போது மிஞ்சியிருக்கும் வேலை சேனல் தேடல்தான். டிடி ஃப்ரீ டிஷ்ஷை நடத்தும் பிரசார் பாரதி அதன் சேனல் இடங்களை ஏலத்தில் விடுவதால் சேனல்கள் வந்து போகின்றன. ஒவ்வொரு தேடலுக்குப் பிறகும் எண்களை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி, அம்மாவின் கண்ணில் படும்படி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கிறேன்.