கியர் டைட்டாக விழுகிறதா? இன்ஜினை இறக்கச் சம்மதிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இரண்டு மாதம் முன்பு மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 9,800 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். என் வண்டிக்குத் தேவைப்பட்டது 240 ரூபாய் கிளட்ச் கேபிளும் ஆயிலும்தான். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். சரியாகிவிட்டது என்று நம்பி, அதே வண்டியில் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு ஐந்து வாரம் ஓட்டியிருக்கிறேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வண்டி 150 சிசி பைக். ஆறு வருடப் பழசு, 41,000 கிலோமீட்டர் ஓடியது. தினமும் திருநகரிலிருந்து பெரியார் பஸ் நிலையம் பக்கம் வேலைக்குப் போய் வருகிறேன். முதலில் சிக்னலில் நியூட்ரல் விழவில்லை. ஃபர்ஸ்ட்டிலிருந்து தட்டினால் செகண்டுக்கு ஓடும், செகண்டிலிருந்து அழுத்தினால் ஃபர்ஸ்ட்டுக்கே வந்துவிடும். அப்புறம் கியர் மாற்றுவதே பாடாகிவிட்டது. காலால் நெம்பி ஏற்ற வேண்டும், சாயங்காலம் பாதம் வலிக்கும்.

வேறு வழியில்லாமல் அதோடு பழகிக்கொண்டேன். சிக்னல் முழுக்க கிளட்ச்சைப் பிடித்தபடி நிற்பது, இல்லாவிட்டால் இன்ஜினை அணைத்து நியூட்ரல் போட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வது. கேபிள் இன்னும் வேகமாகக் கெட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் பழங்காநத்தத்தில் திரும்பும்போது, செகண்ட் விழுந்துவிட்டது என்று நினைத்து ஆக்சிலரேட்டரைத் திருகினேன். கியர் இடையில் எங்கேயோ நின்றிருந்தது. இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, பின்னால் பஸ். அன்று மாலையே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

அங்கே ஒருவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சொன்னார்: "கியர் பாக்ஸ் போயிருச்சு தம்பி. ஃபோர்க் வளைஞ்சிருக்கு. இன்ஜின இறக்கணும். இப்படியே ஓட்டுனா நடுரோட்டுல லாக் ஆயிரும்." ஃபோர்க் என்றால் உள்ளே கியரை நகர்த்தும் கவை போன்ற பாகம். பஸ் முன்னால் நின்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. சரி என்றுவிட்டேன்.

மூன்று நாள் கழித்து வண்டி வந்தது. கியர் ஃபோர்க் செட் 1,850, கியர் ஜோடி 2,900, கேஸ்கெட் (ஆயில் கசியாமல் இணைப்பை அடைக்கும் தாள்) செட் 650, ஆயில் 400, லேபர் 4,000. துண்டுச் சீட்டில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கடை பெயர், சீல், வண்டி நம்பர் எதுவும் இல்லை. கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டேன். "அதெல்லாம் எடைக்குப் போட்டாச்சு தம்பி" என்றார். நான் அங்கேயே நின்று கேட்டிருக்க வேண்டும். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்ததால் சந்தோஷமாகக் கிளம்பி வந்துவிட்டேன்.

நாலாம் நாளே லேசாகப் பிடிக்க ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் பழைய கதைதான். போன் செய்தால், "புது கியர், செட்டாகுறதுக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடணும்" என்றார்கள்.

உசிலம்பட்டியில் அப்பா காலத்திலிருந்து பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஊருக்குப் போனபோது அவரிடம் காட்டினேன். ஸ்பானரைத் தொடும் முன் அவர் கேட்டது ஒரே கேள்வி: "இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது கியர் விழுதா மாப்ள?"

விழுகிறது. வண்டியை முன்னும் பின்னும் லேசாக அசைத்துக்கொண்டே போட்டால் ஒவ்வொரு கியரும் சுத்தமாக விழுகிறது.

"அப்ப கியர் பாக்ஸ்ல என்ன கோளாறு இருக்கும்? கிளட்ச்சுதான் முழுசா விடல" என்றார்.

லீவரைப் பிடித்தால் கிளட்ச் ப்ளேட்டுகள் முழுதாகப் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் இன்ஜின் கியர் பாக்ஸைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த இழுவையில் கியர்களின் பற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், எளிதில் நகராது. நம் காலுக்கு அது 'டைட்' என்று தெரிகிறது. சமதளத்தில் கிளட்ச்சை முழுக்கப் பிடித்தும் ஃபர்ஸ்ட் கியரில் வண்டி நகரப் பார்த்தால் இந்தக் கோளாறுதான். என் வண்டி அப்படித்தான் நகரப் பார்த்தது.

லீவர் பக்கம் கேபிளைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருந்த கம்பி இழைகளில் பாதிக்கு மேல் அறுந்து பூப்போல விரிந்திருந்தன. கேபிளின் தொய்வை எடுக்கும் அட்ஜஸ்டரைக் கடைசி மரை வரைக்கும் திருகி வைத்திருந்தார்கள். மூன்று நாள் வெண்ணெயாக விழுந்தது அதனால்தான். கேபிள் இன்னும் கொஞ்சம் நீண்டதும் அந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் தீர்ந்துவிட்டது.

அப்புறம் டார்ச் அடித்து இன்ஜினைப் பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது அங்கேதான். கியர் ஃபோர்க்கை மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினைச் சேஸிஸிலிருந்து இறக்கி, இரண்டு பக்கக் கவரையும் கழற்றி, இன்ஜினின் வெளிக்கூட்டை இரண்டாகப் பிளக்க வேண்டும். என் வண்டியில் இன்ஜின் மவுண்டிங் போல்ட்டுகளின் தலையைச் சுற்றி வருடக்கணக்கான துருவும் மண்ணும் அப்படியே ஒட்டியிருந்தன. ஸ்பானர் பட்ட தடமே இல்லை. கவர் ஓரத்தில் தெரிந்ததும் காய்ந்துபோன பழைய கேஸ்கெட்தான். புது ஆயில் ஊற்றி 600 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது, ஆனால் உள்ளே இருந்தது தார் மாதிரி கறுப்பு. இன்ஜினைத் திறக்கவே இல்லை.

மாமா புதுக் கேபிள் போட்டு, லீவர் நுனியில் 10லிருந்து 20 மில்லிமீட்டருக்குள் ஃப்ரீ ப்ளே, அதாவது கேபிள் இழுபடும் முன் லீவர் சும்மா நகரும் தூரம், வைத்தார். டப்பாவில் 'ஜேஸோ எம்ஏ2' என்று பைக் ஆயிலுக்கான தரக் குறி போட்ட ஆயிலை ஊற்றினார். இந்த வண்டியின் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுவது, கார் ஆயில் ஊற்றினால் வழுக்கக்கூடும், அதனால் இதைப் பார்த்து வாங்கச் சொன்னார். தொங்கிக் கிடந்த செயினையும் இறுக்கினார். கேபிள் 240, ஆயில் 410, கூலி 150. மொத்தம் 800 ரூபாய், முக்கால் மணி நேரம்.

கியர் பாக்ஸே கெட்டுப்போன வண்டிகளும் உண்டு. ஓடும்போது கியர் தானாகக் கழன்று வந்தாலோ, ஆயிலில் இரும்புத் துணுக்கு தெரிந்தாலோ, கிளட்ச் சரியாக இருந்தும் ஒரே ஒரு கியர் மட்டும் உறுமினாலோ பிரித்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் பிரித்த இன்ஜினைக் கண்ணால் பாருங்கள். வேலைக்கு விடும்போதே, கழற்றும் சாமான் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மவுண்டிங் போல்ட்டுகளையும் கவர் ஓரங்களையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிட வேலைதான்.

மதுரை ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். "வேற எங்கயோ காட்டிட்டு வந்து பேசுறீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லியிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. கடை பெயர் இல்லாத சீட்டுதான் என் பலவீனம். ஆனால் பணத்தை யுபிஐயில் அனுப்பியிருந்தேன், அந்தப் பதிவு இருக்கிறது. உங்களிடமும் இப்படி ஒரு துண்டுச் சீட்டு இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.