விளக்கு வைத்தால் துள்ளும் வீ

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, புதிதாகக் குடிவந்த நண்பர் போன வாரம் கேட்டார்: "பிள்ளைகளுக்குப் பழைய கேம் மெஷின் ஒன்று வாங்கணும். கையை ஆட்டி விளையாடுறதில எது நல்லது? வீயா, மூவா, கினெக்ட்டா?" ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குப் பல வருஷக் கடுப்பு இருக்கிறது.

என் நின்டெண்டோ வீ 2011இல் பழையதாக வாங்கியது. பவுலிங்கில் குறையே சொல்ல முடியாது. செம்பனைக் குலை வெட்டிவிட்டு வரும் அப்பா, கழுவிய கை ஈரம் காய்வதற்குள் ரிமோட்டைப் பிடித்துவிடுவார். ஒரே தொல்லை, மாலை 7.30 ஆனால் போதும், திரையில் காட்டும் கை பேய் பிடித்த மாதிரித் துள்ளும். எதையும் தேர்வு செய்ய முடியாது.

ஈப்போவில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "சென்சார் போச்சு" என்றார்கள். டிவிக்குக் கீழே வைக்கும் சென்சார் பாரைப் புதிதாக மாற்றி 60 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். மத்தியானம் வீட்டில் போட்டுப் பார்த்தேன், அருமை. 7.30க்கு மறுபடியும் அதே ஆட்டம்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா சாமி மேடையில் ஏற்றிய காமாட்சி விளக்கு காற்றில் அணைந்தது. திரையில் கை அப்படியே நின்றது! அம்மா திரும்ப ஏற்றினார், திரும்பத் துள்ளியது. எங்கள் சாமி மேடை டிவிக்குப் பக்கத்திலேயே, ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது.

அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். சென்சார் பார் என்ற பெயரே பொய். அது எதையும் உணர்வதில்லை. இரண்டு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். கேமரா இருப்பது ரிமோட்டின் மூக்கில். அது அந்த இரண்டு வெளிச்சப் புள்ளிகளைப் பார்த்து, நாம் எங்கே குறி வைக்கிறோம் என்று கணக்குப் போடுகிறது. விளக்குச் சுடரிலும் அகச்சிவப்பு உண்டு. அதையும் ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டால் கணக்கு குழம்பாமல் என்ன செய்யும்? பவுலிங் வீச்சை அளப்பது ரிமோட்டுக்குள் இருக்கும் முடுக்கமானி. அதனால்தான் அப்பாவின் பந்து மட்டும் ஒழுங்காக உருண்டிருக்கிறது.

கோபத்தில் 60 வெள்ளி பாரைக் கழற்றிவிட்டு, ஒரு சாண் இடைவெளியில் இரண்டு அகல் விளக்கு ஏற்றி வைத்தேன். வேலை செய்தது! அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல.

மற்ற இரண்டும் 2010இல் வந்தவை. பிளேஸ்டேஷன் மூவ் மச்சான் வீட்டில் இருக்கிறது. அதன் நுனியில் ஒளிரும் உருண்டையை டிவி பக்கமுள்ள கேமரா பார்க்கும். உருண்டை பெரிதாகத் தெரிந்தால் கிட்டே, சிறிதாகத் தெரிந்தால் தூரம். மூன்றிலும் துல்லியம் இதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. பல வருஷம் சும்மா கிடந்ததை வாங்கினால் சார்ஜ் நிற்குமா என்று பார்க்க வேண்டும். வீக்கு என்றால் பக்கத்து மளிகைக் கடையில் இரண்டு பேட்டரிக் கட்டை வாங்கினால் போதும்.

எக்ஸ்பாக்ஸின் கினெக்ட்டைத் தங்கை ஒரு பள்ளி விடுமுறைக்குக் கொண்டுவந்தாள். கையில் எதுவும் பிடிக்க வேண்டாம், உடம்பையே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒருவர் ஆட 6 அடி, இருவர் ஆட 8 அடி தள்ளி நிற்க வேண்டும். எங்கள் ஹாலுக்கு அது கட்டுப்படியாகாது. சோபாவை வாசல் தாழ்வாரத்துக்குத் தள்ளிவிட்டு ஆடினோம், மழை வந்ததும் உள்ளே இழுத்தோம்.

விலை, பேட்டரி, இடம் எல்லாம் பார்த்தால் வீதான். ஆனால் நேற்று ராத்திரியும் அது துள்ளியது. அந்த எரிச்சலில் நண்பரிடம், "மூவ் வாங்குங்க, இந்தச் சள்ளையே வேணாம்" என்று சொல்லிவிட்டேன். சரி, அப்படியானால் உங்கள் வீயை எனக்கு மலிவாகத் தந்துவிடுங்கள் என்றார். தர மாட்டேன் என்றேன். விழித்தார். பிறகு, அம்மாவிடம் சொல்லி விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே என்று யோசனை சொன்னார். அதை அவரே வந்து அம்மாவிடம் சொல்லட்டும்.