ஸ்டாலா, ஸ்பிரிண்டா?

பைத்தான் கணினி மொழிக்காரர்கள் அமெரிக்காவில் ஆண்டுதோறும் கூடும் பைகான் யுஎஸ் மாநாட்டுக்கு ஸ்பான்சர் பட்ஜெட் ஒதுக்கும் நிறுவனம் கண்காட்சிக் கூடத்தில் ஸ்டால் போடலாம். இல்லையென்றால் மாநாடு முடிந்ததும், பலர் சேர்ந்து உட்கார்ந்து திறமூல மென்பொருளுக்கு நிரல் எழுதும் ஸ்பிரிண்டுக்குத் தன் பொறியாளர்களை அனுப்பலாம்.

ஸ்டாலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் பாதிப் பேர் டி-ஷர்ட் சைஸ் சொல்லி, பேட்ஜை ஸ்கேன் செய்யக் காட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவார்கள். அப்படி ஸ்கேன் செய்து சேர்த்த பெயர்ப் பட்டியலுக்கு அனுப்பும் மெயிலுக்குப் பதில் வருவது அபூர்வம். விற்பனை ஆட்கள் மட்டும் நின்றால் இன்னும் மோசம்: "உங்க லைப்ரரியில இந்த பக் எப்ப சரியாகும்?" என்று ஒருவர் கேட்டால் விசிட்டிங் கார்டைத்தான் நீட்ட முடியும். ஞாயிற்றுக்கிழமை வேலைவாய்ப்பு முகாமில் ஸ்டாலுக்குப் போட்ட காசு ஓரளவு தேறும்.

ஸ்பிரிண்டில் ஆள் குறைவு, பளபளப்பும் இல்லை. உங்கள் பொறியாளர் நாள் முழுக்க ஒரே மேசையில் உட்கார்ந்து, புதிதாக வந்தவரின் முதல் புல் ரெக்வெஸ்ட்டை, அதாவது மென்பொருளில் சேர்க்கச் சொல்லி அவர் அனுப்பும் நிரல் மாற்றத்தை, வரி வரியாகப் பார்த்துக் கொடுக்கிறார். அந்த ஆள் நிரல் எழுதும் விதமும், குறை சொன்னால் எடுத்துக்கொள்ளும் விதமும் தெரிந்துவிடும். நேர்காணலில் இவ்வளவு தெரியாது. கலந்துகொள்ளக் கட்டணமும் கிடையாது, பயணமும் ஓட்டல் அறையும்தான் செலவு.

உடனே ஆள் எடுக்க வேண்டுமா, ஸ்டால் சரி. பைத்தானை நம்பிப் பிழைக்கும் நிறுவனம் என்றால் என் ஓட்டு ஸ்பிரிண்டுக்கு. அப்புறம், யாரை அனுப்புவது என்பதை மார்க்கெட்டிங் முடிவு செய்யக் கூடாது.